அறையில் வேறு யாரும் இல்லை

பரிட்சை எழுதுகிறவர்களுக்கு அனுப்பிய விதிமுறைகளில் முதலாவது இது: தேர்வு முடியும்வரை அறையில் உங்களைத் தவிர வேறு யாரும் இருக்கக் கூடாது.

பூட்டக்கா அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். மற்றவர்கள் இந்த ஒரு விதிக்காகப் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் தள்ளி, மாமியாரைக் கெஞ்சிக் கூத்தாடி வெளியே அனுப்பி, நாயைக் குளியலறையில் போட்டுப் பூட்டி என்னென்னவோ செய்ய வேண்டியிருக்கும். அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. இந்தப் பாடத்தில் மட்டும் அவள் வருஷக்கணக்காக நூற்றுக்கு நூறு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"இதுக்குத் தனியா மார்க் போட்டா நல்லா இருக்கும்" என்றாள்.

"போட மாட்டாங்க. இது திறமைக் கணக்குல வராது" என்றது எதிரே இருந்த நாற்காலி.

நாற்காலி எங்கேயாவது பேசுமா? பேசாது. அவளேதான் தொண்டையைக் கொஞ்சம் கட்டையாக்கிக்கொண்டு அதற்கும் சேர்த்துப் பேசுவாள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். பின்னால் வந்த தொல்லையெல்லாம் அந்த நாற்காலியால் வந்ததுதான்.

அது தம்பியின் நாற்காலி. அம்மாவும் அப்பாவும் ஒருவர் பின் ஒருவராகப் போனபிறகு தம்பியைப் படிக்கவைத்தது பூட்டக்காதான். சாயங்காலம் அவள் கேள்வி கேட்பாள், அவன் அந்த நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து பதில் சொல்வான். தெரியாத கேள்வி வந்தால், "அக்கா, இது சிலபஸ்லயே இல்ல" என்று சத்தியம் செய்வான். சிலபஸில் அது இருக்கத்தான் செய்யும். அப்படிப் படித்து, வளர்ந்து, வேறொரு நாட்டுக்கு வேலைக்குப் போய், அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டான். விடுமுறை நாளில் கூப்பிடுவான். துணி துவைக்கும் மெஷினைப் போட்டுவிட்டுத்தான் கூப்பிடுவான் என்று அவளுக்குத் தெரியும், பின்னால் அதன் சத்தம் கேட்கும். மெஷின் நிற்கும்போது பேச்சும் நின்றுவிடும். அவளுக்கு அந்த மெஷின் மேல் கொஞ்சம் மரியாதை உண்டு. பெரிய துணி போட்ட நாளில் கூடுதலாகப் பேசவிடும்.

அவன் போனான். கேள்வி கேட்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. பதிலுக்கு ஆள் இல்லாததால் அதையும் இவளே பார்த்துக்கொண்டாள். அவ்வளவுதான் விஷயம்.

பூட்டக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, கிடங்கில் வைத்தது. மொத்தமாக மருந்து வாங்கி ஊர் ஊராக அனுப்பும் பெரிய கிடங்கு. குளிர் அறைகள், லேபிள் அடிக்கும் பிரின்டர்கள், டிக் டிக்கென்று பெட்டிகளைப் படிக்கும் கருவிகள், பின்வாசலில் லாரிகள் என்று எல்லாமே கம்ப்யூட்டர் வலையில்தான் ஓடின. அந்த வலைக்கு ஒரு காவல் பெட்டி உண்டு. உள்ளே வருகிறதையும் வெளியே போகிறதையும் ஒவ்வொன்றாக நிறுத்தி, "நீ யாரு, எங்க போற?" என்று கேட்கும் பெட்டி. அதற்கு என்னென்ன கேட்க வேண்டும், யாரைத் தடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது பூட்டக்காவின் வேலை.

வேண்டாத பக்கங்களையெல்லாம் அவள் பூட்டிவிடுவாள், ஆகவே கிடங்கில் ஆட்ட ஸ்கோர் தெரியாமல் போனதற்கும் சினிமா பாதியில் நின்றதற்கும் காரணம் அவள்தான். அதைக்கூட மன்னித்துவிடுவார்கள். யார் எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும் என்ற பயத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை. அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தால், ஹெட்மாஸ்டர் நுழைந்த வகுப்பு மாதிரி மேசை கப்சிப் ஆகும். ஒருவர் தொண்டையைச் செருமுவார். ஒருவர் மழை வருமா என்று கேட்பார். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும்.

அதனால் அவள் தன் அறையிலேயே சாப்பிட்டாள். காவல் பெட்டியின் விசிறி உர்ரென்று ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு யாரைப் பற்றியும் பயம் இல்லை.

அடைத்த பக்கம் ஏதாவது யாருக்காவது கட்டாயம் வேண்டுமென்றால் ஒரு வழி இருந்தது. இரண்டு வரியில் காரணம் எழுதி அவளுக்கு மெயில் அனுப்ப வேண்டும். அவள் ஒரே வார்த்தையில் பதில் போடுவாள். 'அனுமதி' அல்லது 'மறுப்பு'. கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் பூட்டக்காவிடமிருந்து அந்த இரண்டில் ஒன்றுதான் வரும் என்று கிடங்கில் ஒரு பேச்சு. யாரும் கூப்பிட்டுப் பார்க்காததால் அது உண்மையா என்று தெரியவில்லை.

இந்தப் பரிட்சை எங்கிருந்து வந்தது என்றால், தலைமை அலுவலகத்திலிருந்து வந்தது.

போன வருஷம் ஒரு வேலையாக அவளை அங்கே ஒருநாள் அனுப்பினார்கள். அங்கே அவள் செய்யும் இதே வேலையை ஒரு பெரிய அறையில் ஏழு பேர் சேர்ந்து செய்தார்கள். சேர்ந்து என்றால் சண்டை போட்டுக்கொண்டு. வெளியிலிருந்து வந்த ஏதோ ஒன்றை அடைக்கலாமா, கொஞ்சம் விட்டுப் பிடிக்கலாமா என்று தகராறு. ஒருவர் காகிதத்தைச் சுருட்டி எதிராளியின் தலையில் எறிந்தார். எதிராளி அதைப் பிரித்துப் படித்து, "எழுத்துப்பிழை" என்றார். பூட்டக்கா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று அவர்களில் மூத்த அம்மா இவள் பக்கம் திரும்பி, "நீ என்ன சொல்ற?" என்று கேட்டார்.

இவள் என்ன சொன்னாள் என்பது இவளுக்கே நினைவில்லை. அந்தக் கேள்வியை மட்டும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். 'நீ என்ன சொல்ற?' பல் தேய்க்கும்போது ஒருமுறை, பஸ்ஸில் ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்வாள்.

இப்போது அந்த ஏழு பேரில் ஒருவர் ஓய்வுபெறப் போகிறார். "உன் பேரைச் சொல்லி வெச்சிருக்கேன்மா. ஆனா சர்டிபிகேட் இல்லாம எடுக்க மாட்டாங்களாம்" என்றார் கிடங்கு மேனேஜர். வலைக்கு வரும் ஆபத்துகளைத் தடுப்பதற்கென்று ஒரு சான்றிதழ்ப் பரிட்சை. வீட்டிலிருந்தே எழுதலாம். கம்பெனி கட்டணம் கட்டும். தவறினால் இன்னும் ஒரு வாய்ப்பு. அதிலும் தவறினால் அந்த இடத்துக்கு வேறு ஆள்.

சம்பளம் கூடுமா என்று அவள் கேட்கவில்லை. "அங்க உக்கார இடம் எப்படி சார்? தனி ரூமா, எல்லாரும் ஒண்ணாவா?" என்றுதான் கேட்டாள்.

"ஒண்ணாதான். ஏன், தனி ரூம் வேணும்னா கேட்டுப் பாக்கவா?"

"ஐயய்யோ, வேணாம் சார்."

மேனேஜர் இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு வேகமாகப் பதில் சொல்லிப் பார்த்ததில்லை.

படிப்பு ஆரம்பித்தது. வேலை முடிந்து வந்து டீ போட்டுக்கொண்டு, நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து பாடம் நடத்துவாள். முழு வீட்டையும் கம்ப்யூட்டர் வலையாக்கிவிட்டாள். வாசல் கதவு காவல் பெட்டி. பால்காரர் தெரிந்த ஆள், விடலாம். "அக்கா, வங்கியிலேர்ந்து பேசறோம்" என்று போனில் வருகிறவன் தெரிந்த திருடன், அவன் சாயலை ஏற்கெனவே நம்மிடம் எழுதி வைத்தாயிற்று, பார்த்ததும் அடைக்கலாம். ஃபிரிட்ஜ் நள்ளிரவில் உறுமினால் அது பழக்கம். உறுமாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

"அப்ப ஒருத்தன் பால்காரர் சட்டையைப் போட்டுட்டு வந்தா?" என்று நாற்காலி மடக்கும்.

"பாலை ஊத்தச் சொல்லிப் பாக்கணும். தனியா ஒரு பாத்திரத்துல."

"நல்ல பால்காரரை நீ தப்பாப் புரிஞ்சுக்கிட்டு விரட்டிட்டா?"

"அது வெத்து அலாரம். திருடனை விடறதும் தப்பு, நல்லவரை விரட்டறதும் தப்பு. அதனாலதான் புது விதி போட்டா மொதல்ல வேடிக்கை மட்டும் பாக்கணும், அப்புறம் அடைக்கணும்."

இந்தக் கடைசி வரியை அவள் மந்திரம் போலச் சொல்வாள். மொதல்ல வேடிக்கை பாரு, அப்புறம் அடை. கிடங்கிலும் பொத்தானை அழுத்தும் முன்பு உதட்டோடு இதைச் சொல்லிக்கொள்வது வழக்கம்.

பரிட்சை நாள் காலையில் குளித்து, நல்ல சட்டை போட்டு, தலை வாரிக்கொண்டு கேமரா முன் உட்கார்ந்தாள். எங்கிருந்தோ ஒரு கண்காணிப்பாளர் பெண்ணின் குரல் வந்தது. கம்ப்யூட்டரைத் தூக்கி அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னது. மேசைக்கு அடியில் காட்டினாள், கதவுக்குப் பின்னால் காட்டினாள். இந்த வீட்டை இவ்வளவு அக்கறையாக யாரும் பார்த்ததில்லை என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தெரிந்திருந்தால் ஜன்னல் திரையைத் துவைத்துப் போட்டிருக்கலாம்.

"எதிரே அந்தக் காலி நாற்காலி எதுக்கு மேடம்?"

"அது… சும்மா."

"யாராவது வருவாங்களா?"

"வர மாட்டாங்க."

"எதுக்கும் வெளியே எடுத்து வெச்சிடுங்க."

நாற்காலி சமையலறைக்குப் போனது. பரிட்சை தொடங்கியது. நன்றாகத்தான் போயிற்று. கொஞ்ச நேரத்தில் திரையின் மூலையில் ஒரு எச்சரிக்கை வந்தது: உதட்டை அசைக்காதீர்கள். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். அடுத்த கேள்வி பெரிசு. படிக்கப் படிக்க உதடு தானாகத் திறந்துகொண்டது. இரண்டாவது எச்சரிக்கை வந்தது. அதன்பிறகு ஒரு கேள்வி, மூன்று பதில்கள் தப்பு என்று தெரிகிறது, நான்காவதும் தப்பு மாதிரி இருக்கிறது. அவளையும் அறியாமல், "இது வெத்து அலாரம்தானே?" என்று கேட்டுவிட்டாள். அதோடு விட்டிருந்தாலும் பிழைத்திருப்பாள். தொண்டையைக் கட்டையாக்கிக்கொண்டு, "அவசரப்படாத, கடைசி வரியைப் படி" என்று பதிலும் சொன்னாள்.

திரை இருண்டது.

"மேடம், ரூம்ல யாரு இருக்காங்க?"

"யாரும் இல்லைங்க."

"ஒரு ஆம்பளைக் குரல் கேட்டுச்சு. உங்களுக்குப் பதில் சொல்லித் தர்றாங்க."

"அது நான்தாங்க."

"மேடம், ரெண்டு பேர் பேசினதை நான் கேட்டேன்."

கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கக் காட்டினாள். படுக்கை அறை, குளியலறை, கொடியில் காய்ந்த ஒற்றை ஆளின் துணி, கழுவிக் கவிழ்த்த ஒரே தட்டு, ஒரே டம்ளர். சமையலறையில் அந்த நாற்காலி தலையைக் குனிந்துகொண்டு நின்றது. திருடன் ஒளிந்திருக்கிறான் என்று தேடுகிறவர்களுக்கு ஆளில்லாத அறைதான் ரொம்பச் சந்தேகமாக இருக்கும். இது அவளுக்கே தெரியும், அவள் தொழிலே அது. "மன்னிக்கணும் மேடம், தேர்வு ரத்து" என்றது குரல்.

வாழ்க்கையில் எவ்வளவோ பேர் எவ்வளவோ காரணத்துக்காகப் பரிட்சையில் பிடிபட்டிருக்கிறார்கள். துண்டுச் சீட்டு, தொடையில் எழுதிய சூத்திரம், முன் பெஞ்சுக்காரன் விடைத்தாள். கூட ஆள் இருந்ததாகப் பிடிபட்டது, கூட யாருமே இல்லாத இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

தேர்வு நடத்துகிறவர்கள் பிறகு ஒரு மெயில் அனுப்பினார்கள். வாய்விட்டுப் படித்தால்தான் முடியும் என்கிறவர்களுக்குத் தனி அனுமதி உண்டாம். காரணத்தைச் சுருக்கமாக எழுதிக் கேட்க வேண்டுமாம்.

பூட்டக்கா எழுத உட்கார்ந்தாள். 'எனக்குச் சத்தமாகப் படிக்கும் பழக்கம் உண்டு.' பழக்கம் ஒரு காரணமா? அவளுக்கு யாராவது இப்படி எழுதியிருந்தால் மறுப்புதான். அழித்தாள். 'என் வீட்டில்' என்று ஆரம்பித்தாள். என் வீட்டில் என்ன? அதற்கு மேல் விரல் நகரவில்லை. முன்பின் தெரியாத ஆளிடம் போய், ஐயா எனக்குப் பேச ஆள் இல்லை என்று மனுப் போடுவதா? மானம் போய்விடும். மூடிவிட்டாள். வாயைக் கட்டிப் பழகிக்கொண்டால் போயிற்று.

அதற்கு அவள் செய்த வித்தைகள் கொஞ்சநஞ்சம் இல்லை. பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு படித்தாள். பென்சில் இரண்டானது. வாயில் டேப் ஒட்டிக்கொண்டாள். பிரிக்கும்போது மீசை இல்லாதவளுக்கும் மீசை மழித்த எரிச்சல். வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு மாதிரிக் கேள்விகளைப் போட்டாள். 'உங்கள் நிறுவனத்தின் மிகப் பெரிய பாதுகாப்பு ஆபத்து எது?' என்று ஒரு கேள்வி வந்தது. சரியான பதில் 'ஊழியர்கள்' என்று இருந்தது. சாப்பாட்டு அறை ஞாபகம் வந்து சிரித்துவிட்டாள். கம்ப்யூட்டர் முழுக்கத் தண்ணீர். அதைத் தலை உலர்த்தும் மெஷினால் ஒரு மணி நேரம் உலர்த்த வேண்டியதாயிற்று.

கடைசியில் வாய் அடங்கியது. கூடவே வீடும் அடங்கியது. அதை அவள் எதிர்பார்க்கவில்லை. இத்தனை நாளும் அந்த வீட்டில் இரண்டு குரல் இருந்ததால் அது எவ்வளவு அமைதியான வீடு என்பது அவளுக்கே தெரியாது. இப்போது கெட்டில் கொதித்து டக்கென்று அணைவது கேட்டது. மேல் வீட்டில் யாரோ செருப்பைக் கழற்றுவது கேட்டது. பாடத்தைக் கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள், எழுத்து எழுத்தாக உள்ளே போகும், ஒன்றும் பேசாது. நாற்காலியைச் சமையலறையிலிருந்து திரும்ப எடுத்து வரவில்லை. எதிரே இருந்தால் வாய் நமநமக்கும்.

சரியாக அந்தச் சமயத்தில்தான் கிடங்கில் அது நடந்தது.

புதிதாக ஒரு ஆபத்து பரவுகிறது என்று செய்தி வந்தது. அதன் சாயலைக் காவல் பெட்டிக்குச் சொல்லிக்கொடுக்கும் விதி ஒன்றும் வந்தது. பூட்டக்கா அதை ஏற்றினாள். வழக்கமாக இந்த இடத்தில் அவள் உதடு தன் மந்திரத்தைச் சொல்லும். அன்று உதடு பயிற்சியில் இருந்தது. 'வேடிக்கை மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுக்காமல், நேராக 'அடை' என்று அழுத்திவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தாள்.

லேபிள் பிரின்டர்கள் ரொம்பப் பழசு. அவை கம்ப்யூட்டரோடு பேசும் விதம் அந்தப் புது ஆபத்தின் சாயலிலேயே இருந்தது. காவல் பெட்டி எல்லா பிரின்டரின் வாயையும் ஒரே நேரத்தில் பொத்தியது. லேபிள் இல்லாமல் பெட்டி நகராது, பெட்டி நகராமல் லாரி நகராது. பின்வாசலில் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது.

அவள் அறைக் கதவு படாரென்று திறந்தது. பேக்கிங் ஆட்கள், டிரைவர்கள், குளிர் அறைக்காரர் தொப்பியோடு, மேனேஜர், எல்லோருக்கும் பின்னால் கணக்கு பார்க்கும் பெரியவர். "என்னக்கா பண்ணி வெச்ச?" "வண்டி நிக்குது!" "மருந்து வெயில்ல வேகுது!" என்று ஆளுக்கொரு கூச்சல். நிற்க இடமில்லை. அந்த அறைக்கு இத்தனை பேர் வந்தது அதுதான் முதல் தடவை. சொன்னால் அடிக்க வருவார்கள், ஆனால் உள்ளுக்குள் எங்கேயோ ஒரு மூலையில், எல்லோரையும் உட்காரச் சொல்லி டீ கொடுக்கலாமா என்று அவளுக்குத் தோன்றியது.

திரையைப் பார்த்தாள். யோசனை ஒன்றும் ஓடவில்லை. வாய் கட்டியிருந்தது. அப்புறம் எது வேண்டுமானாலும் ஆகட்டும் என்று திறந்துவிட்டாள்.

"எப்ப நின்னுச்சு?"

தொண்டை கட்டையானது. "நீ டீ எடுத்தப்ப."

"டீக்கு முன்னாடி என்ன பண்ணேன்?"

"புது விதி போட்ட. வேடிக்கை பாத்தியா?"

"…பாக்கல."

"அப்ப அதைத்தான் மொதல்ல எடு."

எடுத்தாள். தூரத்தில் பிரின்டர்கள் கிர்ரென்று ஒன்றன்பின் ஒன்றாக உயிர் பெற்றன. டிரைவர் ஒருவர் குளிர் அறைக்காரரின் காதில், "யார்கிட்டய்யா பேசுது?" என்றார். கூட்டம் பைய நழுவியது. கணக்கு சார் மட்டும் நின்றார்.

"இதுக்குத்தான் பரிட்சையை நிறுத்திட்டாங்களா?" என்றார். மேனேஜர் மூலம் கதை எட்டியிருக்கிறது.

அவள் தலையாட்டினாள்.

"அனுமதி குடுக்கறாங்களாமே. கேக்க வேண்டியதுதானே?"

"காரணம் எழுதணுமாம் சார்."

"எழுது."

"எப்படி சார் எழுதறது? வெக்கமா இருக்கு."

கணக்கு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓஹோ. நாங்க மட்டும் உனக்கு எழுதலாமாக்கும்? போன வருஷம் நான் ஒண்ணு எழுதினேனே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. முகம் பார்த்துப் பேசும் பக்கம் ஒன்றை மதியத்தில் மட்டும் திறந்துவிடச் சொல்லி எழுதியிருந்தார். 'வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். சாப்பிடும் நேரத்தில் என் முகத்தைப் பார்த்தால்தான் சாப்பிடுகிறாள்.' படித்த உடனே திறந்துவிட்டாள். அன்றிலிருந்து நாள் தவறாமல் அந்தப் பக்கம் திறந்து மூடுவது அவளுக்குத் தெரியும். நடுவில் ஒரு மாதம் மட்டும் அது திறக்கவே இல்லை என்பதும் தெரியும். பிறகு மறுபடி திறந்தபோது, தன் அறையில் தனியாக உட்கார்ந்து, "அப்பாடா" என்றாள். நாற்காலி அங்கே இல்லாததால் பதில் வரவில்லை.

"அந்த ரெண்டு வரியை எழுத எனக்கு அரை நாள் ஆச்சு" என்றார் அவர். "நீ ஒரு வார்த்தையில பதில் போட்ட. அனுமதின்னு. நான் குறை சொல்லல. உடனே போட்ட, அதுவே பெரிசு. ஆனா அப்புறம் எத்தனை தடவை நடையில எதிர்ல வந்திருப்ப? ஒரு தடவை, எப்படி இருக்காங்கன்னு கேட்டியா?"

பார்த்ததைப் பேசக் கூடாது என்பது அவள் தொழில் தர்மம். கேட்டால், பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று ஆகிவிடும். அதனால்தான் கேட்கவில்லை. இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தாள். வந்தது வேறு.

"இப்ப எப்படி இருக்காங்க சார்?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எழுந்து நடமாடறா. உப்பு பத்தலன்னு என்னைத் திட்டறா." கதவுவரை போய்த் திரும்பினார். "எழுதிப் போடும்மா. செத்தா போயிடுவ?"

அன்று சாயங்காலமே எழுதினாள். 'நான் தனியாக வசிக்கிறேன். கேள்வியைச் சத்தமாகக் கேட்டு, சத்தமாகப் பதில் சொன்னால்தான் எனக்கு யோசனை ஓடும். உங்கள் கண்காணிப்பாளர் கேட்ட இரண்டாவது குரலும் என்னுடையதே.' மறுபடி படித்தால் அழித்துவிடுவோம் என்று பயந்து, படிக்காமல் அனுப்பினாள்.

சில நாளில் பதில் வந்தது. ஒரே வார்த்தை. 'அனுமதிக்கப்பட்டது.'

அவள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். மேலே கீழே நகர்த்தினாள். அந்த வார்த்தைக்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்கும் என்று தேடுகிற மாதிரி. இல்லை. அவ்வளவுதான். இப்படித்தான் இருந்திருக்கும் எல்லோருக்கும்.

இரண்டாவது பரிட்சைக்கு வேறு ஒருவர், சளி பிடித்த குரல். அவ்வப்போது மூக்கை உறிஞ்சினார். நாற்காலி இன்னும் சமையலறையிலேயே இருந்தது. "பேச அனுமதி இருக்கு மேடம். பேசறதை நான் கேட்டுட்டே இருப்பேன், பதிவும் ஆகும். நான் பதில் சொல்லக் கூடாது" என்றார்.

இப்போது பாருங்கள் வேடிக்கையை. பேசாதே என்றபோது கட்டுக்கடங்காத வாய், பேசு என்றதும் ஒட்டிக்கொண்டது. வருஷக்கணக்காகப் பேசியிருக்கிறாள், ஆனால் மறுமுனையில் ஒரு காது இருந்ததில்லை. முதல் கேள்வியைக் கல்யாண வீட்டு மைக்கில் பேசத் தள்ளிவிடப்பட்டவள் போலப் படித்தாள். கட்டைக் குரலைப் போடவே வெட்கம். இரண்டாம் கேள்வியில் மெல்ல முணுமுணுத்தாள். நான்காவதில் அவள் பாடத்துப் பால்காரர் வந்துவிட்டார். அப்புறம் பிடிக்க முடியவில்லை. அந்தச் சளிக்குரல்காரருக்கே பாடம் நடத்துகிற மாதிரி ஒவ்வொன்றாக அவிழ்த்துச் சொல்லி, விடையைத் தட்டிக்கொண்டே போனாள். அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சுவது நின்றிருந்தது.

கடைசிக்கு முந்தின கேள்வி: இயங்கிக்கொண்டிருக்கும் வலையில் புது விதி ஒன்றைப் போடும்போது முதலில் என்ன செய்ய வேண்டும்?

அவள் சிரித்தாள். "இதைப் போய் என்கிட்ட கேக்கறீங்களே! எங்க கிடங்குல லேபிள் பிரின்டர்னு ஒண்ணு இருக்கு. ஒருநாள் நான் என்ன பண்ணேன் தெரியுமா, வாயை மூடிக்கிட்டு…" என்று ஆரம்பித்தவள், மூலையில் ஓடும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "சரி, அது பெரிய கதை" என்று நிறுத்தி விடையைத் தட்டினாள்.

முடிந்தது. திரை கொஞ்சம் யோசித்தது. பிறகு பச்சை எழுத்தில், தேர்ச்சி என்றது.

அவள் எதுவும் பேசவில்லை. பேசலாம் என்ற அனுமதி இன்னும் கையில்தான் இருந்தது.

"தேர்வு முடிந்தது, மேடம். வாழ்த்துகள். கேமராவை அணைக்கலாம்" என்றார் சளிக்குரல்காரர். அது எல்லோருக்கும் சொல்லும் வரி, கேட்டாலே தெரிந்தது. ஆனால் அவர் போகவில்லை. ஒரு தடவை மூக்கை உறிஞ்சினார். குரல் தாழ்ந்தது.

"மேடம், கேக்கக் கூடாது… அந்த லேபிள் பிரின்டர், அப்புறம் என்ன ஆச்சு?"

பூட்டக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அதுவா? அது என்னன்னா, வாசல்ல லாரி எல்லாம்…"

திரை வெள்ளையானது. நேரம் முடிந்ததால் இணைப்பு தானாகத் துண்டிக்கப்பட்டது என்று ஒரு வரி. அந்த மனிதரை அது கேட்டுக்கொண்டு துண்டித்திருக்காது.

தம்பியைக் கூப்பிட்டாள். எடுத்தான். "அக்கா, மீட்டிங். அவசரமா?" "பாஸ் ஆயிட்டேன்டா." "சூப்பர்க்கா! சூப்பர்! அப்புறம் கூப்பிடறேன்." பின்னால் மெஷின் சத்தம் இல்லை. நிஜமாகவே மீட்டிங்தான் போல.

கணக்கு சாருக்கு மெயில் போட்டாள். 'பாஸ் சார். வீட்டில் அம்மாவிடமும் சொல்லுங்கள். உப்பு கொஞ்சம் கூடவே போடுங்கள்.' கிடங்கில் யாருக்கும் அவள் அனுப்பிய மெயில்களிலேயே அதுதான் நீளமானது.

பிறகு சமையலறைக்குப் போய் நாற்காலியைத் தூக்கி வந்து எதிரே போட்டாள். உட்கார்ந்தாள். "அது என்னன்னா" என்று விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். "வாசல்ல லாரி எல்லாம் வரிசையா நிக்குது…"

நிறுத்திக்கொண்டாள். யாருக்குச் சொல்கிறோம்? நாற்காலிக்கு அந்தக் கதை முழுக்கத் தெரியும். தெரிந்த கதைக்கு அது எப்படி 'அப்புறம்?' என்று கேட்கும்? தொண்டையைக் கட்டையாக்கிப் பார்த்தாள். வரவில்லை. ஒருவேளை சளிக்காரரின் குரல் காதில் நின்றுகொண்டு வழிவிடவில்லையோ என்னவோ.

கெட்டில் கொதித்து டக்கென்று அணைந்தது.

தலைமை அலுவலகத்தில் அந்தக் கதை யாருக்கும் தெரியாது. ஓய்வு பெறுகிறவரைக் கழித்தால் ஆறு பேர். காகிதம் எறிகிறவர், எழுத்துப்பிழை பார்க்கிறவர், அந்த மூத்த அம்மா. ஒருநாள் வேலைக்கு நடுவில் அவர் திரும்பி, "நீ என்ன சொல்ற?" என்பார். அன்றைக்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

டீயை ஊற்றிக்கொண்டு வந்தாள். நாற்காலியை மெல்ல மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டு, அந்தக் கதையை முதலிலிருந்து, உதட்டை நன்றாக அசைத்து, சொல்லிப் பார்க்க ஆரம்பித்தாள்.